தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக்?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் காருக்கு 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். ஷாக் அப்சார்பர் காரோடு வந்ததுதான். பள்ளத்தில் ‘டக்’கென்று இடிக்கிறது, மேடு ஏறி இறங்கினால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. எதை வாங்கலாம்?

பதில்: இடிக்கிறதே, அது ஷாக்கின் நீளத்தால் வரும் கோளாறு. ஆடுகிறதே, அது தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் பிடிப்பு, போதாத கோளாறு. முதலில் நீளத்தைப் பாருங்கள். பலரும் இதை விட்டுவிட்டு ‘ரொம்ப டைட்டான ஷாக்’ தேடிப் போகிறார்கள்.

கார் தாழும்போது ஷாக்கின் ராடும் (உள்ளே வெளியே போய்வரும் கம்பி) உள்ளே இறங்கிவிடுகிறது. ராடு முழுதும் இறங்கி இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை 55 மி.மீ. இடம் இருந்திருந்தால், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக வரும் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் இப்போது ஏறக்குறைய 25 மி.மீ.தான் மிச்சம். இதை நீங்களே பார்க்கலாம். டஸ்ட் கவரைத் தூக்கி, ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கி, ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளிவிடுங்கள். வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை ரப்பரைத் தொட்டிருந்தால், ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை ரப்பர் செய்துகொண்டிருக்கிறது.

அதனால் உடலும் ராடும் குட்டையான, தாழ்த்திய காருக்கென்றே செய்த ஷாக் வேண்டும். பில்ஸ்டைன் கம்பெனி ஷாக்கில் பி6 மாடல் சாதாரண உயரத்துக்கு, பி8 தாழ்த்திய காருக்கு. நீளமான ஷாக்கில் இன்னோர் ஆபத்து: ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டுக் கழன்று ஆடும். கையால் அசைத்துப் பாருங்கள், அசையவே கூடாது.

அடுத்து தணிப்பு. ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் தணிப்பு 14 சதவீதம் போலக் கூடினால் போதும். அது ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தையொட்டித்தான் ஏறும். அதிலும் கூட வேண்டியது முக்கியமாக ரீபவுண்ட், அதாவது ராடு வெளியே வரும்போது உள்ள பிடிப்பு. அமுங்கும் திசையில் கடினமான ஸ்பிரிங்கே தடுத்துவிடும்; ஷாக்கையும் இறுக்கினால் சிறு கல்லுக்குக்கூட கார் துள்ளும்.

கோனி கம்பெனியின் ‘ஸ்போர்ட்’ ஷாக் போல ரீபவுண்டை மட்டும் திருகி மாற்றும் வகை கிடைத்தால் நல்லது. முழுத் தளர்விலிருந்து அரைச் சுற்றாகக் கூட்டுங்கள். மேடு தாண்டியதும் ஒரே மூச்சில் அடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் விரிய நேரமில்லாமல் கார் படிப்படியாகத் தாழ்ந்து, மறுபடி பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும்.

மாட்டும்போது ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைப்பது), டஸ்ட் கவர் புதிதாக இருக்கட்டும். பம்ப் ஸ்டாப் புது ஷாக்கோடு வந்ததா என்று பாருங்கள்; சில ஷாக்கில் உள்ளேயே இருக்கும். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் (அடித்து முடுக்கும் மெஷின்) முடுக்காதீர்கள், ராடு சுழன்று சீல் கெடும். ரப்பர் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை) உள்ள கீழ் போல்டுகளை, கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். தொங்கவிட்டு முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சில நாள் ஓடி உயரம் படிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.