சீட்டில் முதல் முறையைக் கேட்பது சுயநலமா?

கேட்பதில் தவறில்லை. 10 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் மொத்தம் 50,000; அதை மாதம் ஒருவராக முறை வைத்து எடுப்பார்கள். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசி ஆளுக்கு வெறும் சேமிப்பு, விலைவாசி ஏறினால் மதிப்பும் குறையும். ஆகவே முன்முறையை விட்டுக்கொடுப்பவர் உண்மையிலேயே ஒன்றை இழக்கிறார். திருகோணமலையில் மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்தால் பல நாள் படகு இறங்காது; டிசம்பர் முறையை மீனவ வீட்டுக்கு விடுவதே நியாயம்.

சுயநலம் என்றால், காசை எடுத்தபின் கட்டாமல் இழுத்தடிப்பதுதான். குறையும் 5,000-ஐச் சீட்டுப் பிடிப்பவர் கைக்காசில் போட வேண்டிவரும். (தன் பிள்ளையின் டியூசன் காசுக்குத் தேவையான முறையை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குவதையும் நான் பெருந்தன்மையில் சேர்க்கமாட்டேன்.) முறையை ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள், மாற்றுவதென்றால் எல்லோர் முன்னும் மாற்றுங்கள்.