ஃப்ளீட்வுட் மேக்கின் முதல் ஆல்பமும் ஸ்லைடு கிட்டாரும் – கடிதம்

வணக்கம்.

ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் ப்ளூஸ் குழுவின் 1968 முதல் ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டேன். குழுவின் கிட்டார் கலைஞர்கள் இருவரில் பீட்டர் கிரீன் பாடல்கள் பிடித்தன. மற்றவர் ஜெரமி ஸ்பென்சர் ஸ்லைடில் (விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கும் குழாய்) வாசிப்பவை எல்லாம் ஒரே பாட்டாகத் தெரிகின்றன. வாசித்தாலாவது பிடிபடும் என்று கண்ணாடி ஸ்லைடு வாங்கினேன். கடகடவென்கிறது, சுருதியும் சேரவில்லை. என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வழக்கமான ட்யூனிங்கிலேயே முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பென்சருடையது அமெரிக்க ப்ளூஸ் ஸ்லைடு கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் வழி. அதற்கு ஓப்பன் டி என்ற ட்யூனிங் வேண்டும். ஆறாவது கம்பியை (மிகத் தடித்தது) ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். ஐந்தையும் நான்கையும் தொட வேண்டாம். மூன்றாவது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, அரை ஸ்டெப்தான். இரண்டாவது பி-யிலிருந்து ஏ-க்கு, முதலாவது ஈ-யிலிருந்து டி-க்கு. இனி விரல் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு. ஸ்லைடைக் குறுக்கே 5-வது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) வைத்தால் ஜி, 7-ல் ஏ, 12-ல் மறுபடி டி. பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாள அளவுகளாகச் சுற்றிவரும் ப்ளூஸின் வழக்கமான அமைப்பு, முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

நான்கு கம்பிகள் இறங்குவதால் தளர்ச்சி கூடும். 9 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) செட் மெல்லியது, இதற்கு ஆகாது. முதல் கம்பி 12 அல்லது 13 உள்ள செட்டைப் போடுங்கள். ஸ்லைடை அழுத்தாதீர்கள், கம்பிமேல் படிந்திருந்தால் போதும். அழுத்தினால் கம்பி ஃப்ரெட்டில் இடிக்கும், அந்தக் கடகடப்பு அதுதான். சுருதி விலகுவதற்கு வேறு காரணம். விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பழகியிருப்பீர்கள். ஸ்லைடு அந்த உலோகத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஸ்லைடைச் சுண்டுவிரலில் மாட்டி, மற்ற விரல்களை அதற்குப் பின்னால் கம்பிகளில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க விடுங்கள். வேண்டாத இரைச்சல் அடங்கும்.

ஒரே மாதிரி இருப்பது உண்மை. 12-வது ஃப்ரெட்டில் மும்மூன்றாக அடிக்கும் அந்தத் துவக்கம், எல்மோர் ஜேம்ஸ் 1951-ல் பதிவுசெய்த 'டஸ்ட் மை ப்ரூம்' பாட்டில் இருப்பது. 'ஷேக் யுவர் மனிமேக்கர்' அவருடைய பாட்டேதான். 'மை ஹார்ட் பீட் லைக் எ ஹாமர்' ஸ்பென்சர் பெயரில் இருந்தாலும் அச்சு அதே அச்சு. இவற்றில் கிட்டாரை விட்டுவிட்டுக் குரலைக் கேளுங்கள். தொண்டை கிழிய, துளித் தயக்கமும் இல்லாமல் பாடுகிறார். பிறகு 'ஹெல்ஹவுண்ட் ஆன் மை ட்ரெயில்' போடுங்கள். பியானோவும் அவர் குரலும் மட்டும். ஸ்லைடே இல்லாமல் தனியாகப் பாட்டைத் தாங்குகிறவர் இவர். மற்ற பாடல்களில் எல்மோரையே பிடித்துக்கொண்டிருப்பது, வேறு தெரியாமல் அல்ல, அவர்மேல் உள்ள பிரியத்தால் என்பது என் எண்ணம்.

கிரீன் போன திசை வேறு. 'ஐ லவ்ட் அனதர் உமன்' மைனரில், லத்தீன் தாளச் சாயலோடு வருகிறது. ஆல்பம் வெளியான அடுத்த மாதமே சிங்கிளாக வந்த 'பிளாக் மேஜிக் உமன்' அதே தடத்தில் போடப்பட்டது. 1970-ல் சந்தானா குழு உலகம் முழுக்கக் கொண்டுபோனது அந்தப் பாட்டைத்தான். கிரீனின் இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.