ஆளைத் தெரிகிறதா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: எதிரில் இருப்பது யார் என்று மூளையோ, மிருகமோ, உடம்புக்குள் ஓடும் செல்லோ எப்படிக் கண்டுகொள்கிறது? சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளித் தோழர்கள் முப்பது வருஷம் கழித்துச் சந்தித்தோம். எல்லா முகமும் தெரிந்தது, பெயர்தான் வரவில்லை. மறதி நோயின் ஆரம்பமா? (காட்பாடி)

இல்லை. அமெரிக்காவில் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 392 பேரிடம் பள்ளி ஆண்டு மலர்ப் படங்களைக் காட்டிச் சோதித்து 1975-ல் வெளியிட்ட ஆய்வில், முப்பத்துச் சொச்சம் வருஷம் ஆனவர்களும் பத்தில் ஒன்பது முகங்களைச் சரியாகக் காட்டினார்கள். படம் இல்லாமல் பெயர்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது திணறினார்கள். முகம் கண்முன் நிற்கிறது, பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவரும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

என் தம்பி தெருவில் சொந்த மாமாவைப் பார்த்தாலும் பேசாமல் போய்விடுகிறான். தலைக்கனம் என்கிறார்கள். மாமா திருப்பதியில் மொட்டை போட்டு, மீசையும் எடுத்துவிட்டு வந்து நின்றபோது, "யாருங்க, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டான். (குடியாத்தம்)

தலைக்கனம் இல்லை என்பதற்கு அந்த மொட்டையே சாட்சி. முகங்களைப் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறை உள்ளவர்கள் நூறில் இரண்டு பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகத் தெரியும், ஆனால் அவை சேர்ந்து 'இன்னார்' என்று ஆவதில்லை. 1947-ல் ஜெர்மன் மருத்துவர் யோவாகிம் போடாமர் தலையில் காயம்பட்டவர்களிடம் இதைக் கண்டு தனியாகப் பெயர் வைத்தார். மூளையின் அடிப்பக்கத்தில், மற்றப் பொருள்களைவிட முகங்களைப் பார்க்கும்போது அதிகமாக வேலை செய்யும் ஓர் இடம் இருப்பதை 1997-ல் நான்சி கான்விஷர் குழு ஸ்கேனில் காட்டியது.

இப்படிப்பட்டவர்கள் முடி, மீசை, நடை, குரல், வழக்கமாகப் பார்க்கும் இடம் இவற்றை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் மாமா, பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாரோ ஒருவர். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இது இருந்தது. ஒரு தாடிக்காரர் மேல் மோதப் போய் மன்னிப்புக் கேட்டார், பார்த்தால் கண்ணாடியில் அவரேதான்!

மருந்து கிடையாது. வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். "டேய், மாமாடா" என்று அவரே முதலில் குரல் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இதுவரை நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று இப்படி ஆனால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, மறதி நோய். என்னைப் பார்த்து, "என் பிள்ளை மாதிரியே இருக்கே, ஆனா நீ அவன் இல்லே. அவனை எங்கே வெச்சிருக்கே?" என்கிறார். செய்வினை என்கிறார்கள் உறவினர்கள். (சத்துவாச்சாரி)

செய்வினைக்காரர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். தன் கணவரை எடுத்துவிட்டு அதே ஜாடையில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள் என்று சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி 1923-லேயே பிரான்சில் ஜோசப் காப்கிரா எழுதியிருக்கிறார். அவர் பெயரால்தான் இந்த நிலையை இன்றும் அழைக்கிறார்கள்.

தெரிந்த முகத்தைப் பார்க்கும்போது மூளையில் இரண்டு வேலை நடக்கிறது. இது இன்னார் முகம் என்று கண்டுபிடிப்பது ஒன்று. 'நம்ம ஆள்' என்று மனசு லேசாக அசைவது இன்னொன்று. இந்த இரண்டாவதை அளக்கவே முடியும்: நெருங்கியவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளங்கை, விரல்களில் வியர்வை கண்ணுக்குத் தெரியாத அளவில் கூடும், கருவி அதைப் பிடித்துவிடும். மூளையில் அடிபட்டு முகம் அடையாளம் தெரியாமல் போன சிலரிடம் 1980-களில் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். வீட்டார் படத்தைக் காட்டினால் "யாரென்று தெரியாது" என்று வாய் சொல்கிறது, கை வியர்க்கிறது. உங்கள் அம்மாவைப் போன்றவர்களிடம் அப்படியே தலைகீழ். ஜாடை சரிதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள், கை வியர்ப்பதில்லை. முகம் பொருந்துகிறது, மனசு அசையவில்லை. அப்படியானால் இது வேறு ஆள்தான் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. அபத்தமான எண்ணத்தைத் தட்டிக் கேட்கும் முன்மூளையும் தளர்ந்திருந்தால்தான் அந்த முடிவு நிலைக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மனசு அசையாததற்கெல்லாம் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லையே.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் ஓர் இளைஞரைப் பரிசோதித்தார். நேரில் வந்த பெற்றோரைப் போலி என்றவர், அவர்களே போனில் பேசினால் சந்தேகமே படவில்லை. காதிலிருந்து போகும் பாதை கெடாமல் இருந்ததுதான் காரணம் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். நீங்களும் வாசலில் நின்றே, "அம்மா, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்குப் பலிக்கிறது. வாதாடாதீர்கள். ஆதார் கார்டைக் காட்டுவதெல்லாம் வேலைக்கு ஆகாது. அரிவாள்மனை, கத்தியைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், போலி ஆள் என்ற பயத்தில் சிலர் தாக்குவதுண்டு. அப்புறம், இது ஓரிரு நாளில் திடீரென்று வந்ததா? அப்படியானால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஏதாவது காரணமா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடியில் துணி காயப்போடும்போது காக்கை என்னை மட்டும் கொத்த வருகிறது, மாமியாரை விட்டுவிடுகிறது. சனி தோஷமா? (ஆற்காடு)

பக்கத்து மரத்தில் கூடு இருக்கிறதா, அதை நீங்கள் எப்போதாவது கலைக்கப் போனீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்துப் பறக்கவிட்டார்கள். பிறகு யார் அந்த முகமூடியோடு போனாலும் காக்கைகள் கத்தித் துரத்தின, வேறு முகமூடியைச் சட்டை செய்யவில்லை. அது வேறு இனக் காக்கைதான், ஆனாலும் நம்மூர்க் காக்கையும் ஏமாளி இல்லை. குஞ்சு பறக்கும்வரை குடையோடு போங்கள்.

வெள்ளாடு மூன்று குட்டி போட்டது. ஒன்று நோஞ்சானாக இருந்ததால் உடனே எடுத்து, டெட்டால் தண்ணீரில் துடைத்து, அடுப்படியில் சூடு காட்டி மதியம் கொண்டுவந்து விட்டேன். அதை மட்டும் முட்டித் தள்ளுகிறது. (ஒடுகத்தூர்)

பிறந்த குட்டியை ஆடு மூக்கால்தான் அறிகிறது. குட்டி வெளியே வரும்போது தாயின் மூளையில் சுரக்கும் ஆக்ஸிடோசின், ஒரு சில மணி நேரத்துக்கு மட்டும் புது வாசனையை ஏற்க அதைத் தயார்ப்படுத்துகிறது. ஈன்றதும் நக்கும்போது அந்தந்தக் குட்டியின் வாசனை பதிந்துவிடும். 1960-களில் பீட்டர் க்ளோப்ஃபர் செய்த சோதனைகளில், பிறந்ததும் ஐந்து நிமிடம் தாயோடு விட்டுப் பிறகு பிரித்த குட்டிகளைப் பெரும்பாலான ஆடுகள் திரும்ப ஏற்றுக்கொண்டன. அந்த ஐந்து நிமிடமும் கிடைக்காதவற்றை முட்டித் தள்ளின. உங்கள் குட்டிக்கு அது கிடைக்கவில்லை, போதாததற்கு டெட்டால் நாற்றம் வேறு.

முதலில் சீம்பாலைக் கறந்து குட்டிக்குப் புகட்டுங்கள், அது தள்ளிப்போகக் கூடாது. பிறகு தாயைக் கயிற்றால் கட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஊட்டவிடுங்கள். சில நாளில் தாயின் பால் வாசனை குட்டிமேல் ஏறி, பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். இன்னொன்று: பொய்கைச் சந்தையில் தாயும் குட்டியுமாக வாங்கினால், ஊட்டவிட்டுப் பார்த்தே வாங்குங்கள். முட்டுகிற ஆடு பொய் சொல்லாது.

என் மகனுக்கு நான்தான் கிட்னி கொடுத்தேன். பெற்ற தாயின் உறுப்பையே உடம்பு ஏன் அந்நியமாகப் பார்க்கிறது? (வாலாஜாபேட்டை)

அவர் பாதிதான் நீங்கள், மீதி அவருடைய அப்பா. செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரே கொத்தாக இருப்பதால், தாயிடமிருந்து ஒரு கொத்தும் தந்தையிடமிருந்து ஒரு கொத்தும் வரும். உங்களிடம் உள்ள இன்னொரு கொத்து மகனிடம் இல்லை, அதைத்தான் அவருடைய டி செல்கள் (அந்நியத்தைக் கண்டு எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) அந்நியம் என்கின்றன. உடன்பிறந்தவர்களிடம் முழுப் பொருத்தம் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு, துளியும் பொருந்தாமல் போகவும் நாலில் ஒன்று. 1954-ல் பாஸ்டனில் கிட்னி மாற்று வெற்றி பெற்றதே, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள் என்பதால்தான். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் செய்தபோது எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்துவிட்டன. கிட்னி நன்றாக வேலை செய்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதி அந்நியரைப் பத்து மாதம் நீங்கள் சுமந்ததும் உண்டு. நஞ்சுக்கொடியில் தாயைத் தொடும் செல்கள் வழக்கமான எச்.எல்.ஏ.க்களில் முக்கியமானவற்றை வெளிக்காட்டுவதில்லை. ஆனாலும் குழந்தையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும், சில பெண்களுக்கு அப்பா வழிப் புரதத்துக்கு எதிரணுக்கள் (ஆன்டிபாடி) உருவாகிவிடும். பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவர் கிட்னி கொடுக்கும்போது கிராஸ்மேட்ச் பரிசோதனையை (கொடுப்பவரின் செல்களுக்கு எதிரணுக்கள் பெறுபவரின் ரத்தத்தில் உண்டா என்று பார்ப்பது) கூடுதல் கவனத்தோடு பார்ப்பது இதனால்தான்.

பெரியப்பாவுக்கு முதுகில் ஒரே ஒரு தொழுநோய்த் தேமல், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு முகம், காது எல்லாம் தடிப்பு. இரண்டும் ஒரே கிருமியா? (கரிகிரி)

ஒரே கிருமிதான், உடம்பு அதைக் கண்டுகொண்ட விதம்தான் வேறு. பெரியப்பாவின் டி செல்கள் கிருமியைப் பலமாக எதிர்க்கின்றன, அதனால் கிருமி மிகக் குறைவு. ஆனால் அந்தச் சண்டையில் நரம்பும் அடிபடுவதால் தேமல் மரத்துப்போகிறது. தாத்தாவுக்கு மற்றக் கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் இதை மட்டும் கண்டுகொள்வதில்லை. எதிரணுக்கள் ஏராளமாக இருந்தும் பயனில்லை, கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் 1982 முதல் கூட்டு மருந்து உண்டு, இலவசம். தேமலில் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடியபடி உணர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, உங்கள் ஊரிலேயே 1955-லிருந்து இதற்கென்று இருக்கும் மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.