அரசு வெளியிடாத பழைய பிரிட்டிஷ் செப்பு டோக்கன்களைச் சேகரிப்பது வீண் செலவா?

‘இதெல்லாம் ஒரு காசா?’ என்று யாரோ உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், என்னிடமும் கேட்டார்கள். பர்மிங்ஹாமில் ஒரு நாணயக் கண்காட்சியில் நான் வாங்கிய 1787ஆம் ஆண்டின் ஆங்கில்சி (வேல்ஸில் உள்ள தீவு) பென்னி டோக்கனைப் பார்த்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர், மன்னர் தலை இல்லாத செம்பை எடைக்குப் போட்டுவிடலாமே என்று பலர் முன்னிலையில் சிரித்தார்.

நான் வாதாடவில்லை; காசைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைக் காட்டினேன். முகப்பில் ஓக் இலை வளையத்துக்குள் முக்காடிட்ட தாடிக்கார ட்ரூயிட், அதாவது பண்டைய பிரிட்டனின் பூசாரி. மறுபுறம், கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக ஆங்கில்சியின் பாரிஸ் (Parys) செப்புச் சுரங்க நிறுவனத்தின் வாக்குறுதி. அதை லண்டன், லிவர்பூல், ஆங்கில்சி ஆகிய இடங்களில் பெறலாம் என்பது விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அரச நாணயச்சாலை 1775க்குப் பிறகு இருபதாண்டுகளுக்கும் மேல் செப்புக்காசு அடிக்காமலே இருந்தது, தொழிற்சாலைகளோ பெருகிக்கொண்டிருந்தன. கூலி கொடுக்கச் சில்லறை இல்லை, புழங்கிய அரைப்பென்னிகளில் பெரும்பகுதி கள்ளக்காசு என்ற நிலையில், செம்பைத் தோண்டியெடுத்த நிறுவனமே ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் எடையில் பென்னி வெளியிட்டது. இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சன் ஒரு படி மேலே போய், மன்னர் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தையே பொறித்துக்கொண்டார். டோக்கன் அடித்துக் கைதேர்ந்த மாத்யூ போல்டனிடம் 1797இல் அரசாங்கமே பென்னி அடிக்கும் வேலையை ஒப்படைத்தபோது, அந்தப் பென்னியின் எடையும் ஓர் அவுன்ஸ்தான். போலி என்று இகழப்படுவதை அரசே பின்பற்றியது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நான் எடையை மட்டுமே சொல்கிறேன்.

எல்லா டோக்கனும் கடைத்தெருவில் புழங்கியது என்று நான் சொல்லவில்லை. 1790களில் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒன்றுக்கொன்று பொருந்தாத முகப்பு, மறுபுற அச்சுகளை இணைத்து அடித்தவையும் ஏராளம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் காண்டர் 1798இல் டோக்கன்களுக்குப் பட்டியல் போடும் அளவுக்கு அந்த மோகம் முற்றியிருந்தது. ஆகவே, உங்கள் பணம் புழங்கிய காசுக்குப் போகட்டும். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தேய்த்துப் பளபளப்பாக்கியதை மட்டும் வாங்காதீர்கள்.

தரச்சான்று என்ற பெயரில் காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பணம் தரும் ஊரின் பெயர் எழுதப்பட்ட விளிம்பையே மறைத்துவிட்டு, அதற்குக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள்.