மனச்சாட்சி தவறுமா?

கேள்வி: என் நண்பர் ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் அவரைப் போல நேர்மையானவரை நான் பார்த்ததில்லை. நன்மை தீமையை அறியும் உணர்வு இறைவன் தந்தது என்று கிறிஸ்தவம் சொல்கிறதே, இவருக்கு அது எங்கிருந்து வந்தது? மனச்சாட்சி கடவுளின் குரல் என்றால், பக்தி மிகுந்தவர்களே பெருந்தவறுகளை உறுத்தலின்றிச் செய்தது எப்படி?

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு, தொடக்ககாலத் திருச்சபையின் திருத்தூதரான பவுலே விடை அளித்திருக்கிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில், மோசேயின் சட்டத்தைப் பெற்றிராத, யூதரல்லாத பிற இனத்தார் அச்சட்டம் கேட்பவற்றை இயல்பாகவே செய்யும்போது, அது தங்கள் இதயத்தில் எழுதப்பட்டிருப்பதைக் காட்டுகிறார்கள் என்றும், அவர்களுடைய மனச்சாட்சியும் அதற்குச் சாட்சி சொல்கிறது என்றும் அவர் எழுதுகிறார். ஆகவே உங்கள் நண்பரின் நேர்மையைக் கண்டு எந்தக் கிறிஸ்தவரும் வியப்படையத் தேவையில்லை. நம்பாதவருக்கு நல்லொழுக்கம் வாய்க்காது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த உணர்வுக்கு நம்மைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கிறிஸ்தவம் கேட்கும் கேள்வி. நமக்கு இழப்பு வரும் இடத்திலும், யாரும் பார்க்காத வேளையிலும், அது வேண்டுகோளாகப் பேசாமல் ஆணையாகவே பேசுகிறது. ஆணை உண்டென்றால் ஆணையிடுகிறவரும் உண்டு என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் போன்றோர் வாதிட்டனர். வளர்ப்பாலும் பரிணாமத்தாலும் உருவான உணர்வே இது என்பவர்கள் இதை ஏற்பதில்லை. இவ்வாதம் கடவுளை நிறுவிவிடுகிறது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் உணர்வு எப்படி உருவானது என்பதற்குக் கிடைக்கும் விடை, அதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பதற்கும் விடையாகிவிடாது.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு ‘உடன் அறிதல்’ என்று பொருள். தமிழில் அது ‘சாட்சி’ ஆனது நல்ல பொருத்தம். சாட்சி தான் கண்டதைத்தான் சொல்ல முடியும். கண் பழுதுபட்டிருந்தால் சாட்சியமும் பழுதாகும். 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், நன்மையைச் செய், தீமையை விலக்கு என்னும் அடிப்படை அறிவு எவரிடமும் அழிவதில்லை என்றும், அதை ஒரு குறிப்பிட்ட செயலுக்குப் பொருத்தித் தீர்மானிக்கும்போதுதான் பிழை நேர்கிறது என்றும் பிரித்துக் காட்டினார். 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் இன்னும் கடுமையானவர்: பாவத்தால் மங்கிப்போன அந்த ஒளி, ‘எனக்குத் தெரியாது’ என்று மனிதன் சாக்குச் சொல்லாதபடி தடுக்கவே எஞ்சியிருக்கிறது என்பது அவர் கருத்து.

ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டனின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். 1748இல் கடும் புயலில் சிக்கிய கப்பலில் மனம் திரும்பிய அவர், அதன்பின்னும் 1754 வரை அடிமை வணிகத்திலேயே இருந்தார். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் தலைவராகவும் ஆனார். ஜெபமும் வேதவாசிப்பும் தவறாத மனிதர் அவர். பின்னாளில் போதகரான அவர் 1788இல் அவ்வணிகத்தைக் கண்டித்து எழுதிய சிறு நூலில், அத்தொழில் தவறு என்ற ஐயம் அந்நாளில் தமக்கு எழவே இல்லை என்றும், நண்பர் எவரும் அப்படி ஒரு எண்ணத்தை எழுப்பியதுமில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த இரண்டாவது பகுதிதான் என்னை உறுத்துகிறது, ஏனெனில் அவருடைய மனச்சாட்சி மௌனமாக இருந்ததற்குச் சுற்றியிருந்த எல்லோருடைய மௌனமும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

அதற்காக மனச்சாட்சியைப் புறக்கணிக்கலாம் என்று அக்குவினாஸ் சொல்லவில்லை. தவறான மனச்சாட்சியாக இருந்தாலும் அதை மீறுகிறவன் தீமை என்று தானே நம்புவதைத் துணிந்து செய்கிறான், ஆகையால் அதுவும் குற்றமே என்றார் அவர். கிறிஸ்துவை நம்புவது தீது என்று ஒருவனுக்கு உண்மையாகவே தோன்றினால், அந்த நிலையில் நம்புவது அவனுக்குப் பாவம் என்று சொல்லும் அளவுக்குத் துணிந்தார். அறிந்துகொள்ள வேண்டியதை அலட்சியத்தால் அறியாமல் இருப்பவனுக்கு அந்த அறியாமை மன்னிப்பாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கேள்வி: மன்னிப்புக் கேட்டு, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்த பிறகும் உறுத்தல் ஓயவில்லை. இது கடவுளின் எச்சரிக்கையா?

பதில்: எப்போதும் அப்படி இல்லை. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில், அற்பமானவற்றை எல்லாம் பாவமென்று நெடுநேரம் அறிக்கையிட்டுத் தம்மை வதைத்துக்கொண்டார். அவருடைய வழிகாட்டி ஸ்டௌபிட்ஸ் அதனால் சலித்துப்போனார். “நம்முடைய இருதயம் நம்மைக் குற்றவாளிகளெனத் தீர்த்தால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்” என்னும் பொருளில் யோவானின் முதல் கடிதம் (3:20) பேசுகிறது. மேலே சாட்சி என்று சொன்ன மனச்சாட்சி, உங்கள் விஷயத்தில் நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்துவிட்டது. உங்கள் நம்பிக்கைக்குரிய மூத்தவர் ஒருவரிடம் இதை ஒருமுறை மனம்விட்டுச் சொல்லுங்கள்.