ரோமில் பழங்கால ரோமானியர் கட்டிய பாலத்தில் இன்றும் நடக்க முடியுமா?

தாராளமாக நடக்கலாம், டிக்கெட்டும் கிடையாது. டைபர் ஆற்றின் நடுவே உள்ள சிறு தீவுக்குப் போகும் ஃபாப்ரிசியோ பாலம் கி.மு. 62-இல் கட்டப்பட்டது. ரோமில் இவ்வளவு பழைய பாலம் முழுசாக நிற்பது இது ஒன்றுதான். சுமார் 62 மீட்டர் நீளம், இரண்டே பெரிய வளைவுகள், வண்டிகள் வராது. அவசரப்பட்டால் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். ஒரே கல்லில் நாலு பக்கமும் முகம் செதுக்கிய தூண்கள் இரண்டு இருக்கும். காலம் தேய்த்துத் தேய்த்து மூக்கும் கண்ணும் மழுங்கிவிட்டன. அந்த நாலு முகங்களால் ஊரார் பாலத்தை 'நான்கு தலைப் பாலம்' என்றும் சொல்கிறார்கள்.

அப்புறம் தீவிலிருந்து படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சாலைப் பொறுப்பாளர் லூசியஸ் ஃபாப்ரிசியஸ் இதைக் கட்டுவித்ததாக வளைவின் மேல் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கும். நடுத் தூணில் சன்னல் மாதிரி ஒரு திறப்பு தெரிகிறதா? வெள்ளம் ஏறினால் தண்ணீர் அதன் வழியாகவும் பாயும், தூணின் மேல் அழுத்தம் குறையும். பாலம் இத்தனை வெள்ளத்தைத் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அந்தக் கீழ்க்கரை மூழ்கிவிடும். அப்போது மேலிருந்தே பாருங்கள்.