புனே திரைப்படக் கல்லூரியின் வரலாறு என்ன? மூன்று வருடப் படிப்பு ஏன் ஐந்தாறு வருடம் இழுக்கிறது?

கேள்வி கேட்டவர் அநேகமாக நுழைவுத் தேர்வு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். 'அங்கே போனால் வெளியே வரவே மாட்டாய்' என்று யாரோ பயமுறுத்தியும் இருப்பார்கள். இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

தமிழில் இந்தக் கல்லூரியைப் பற்றி வரும் கட்டுரைகளில் முக்கால்வாசி பெயர்ப் பட்டியல்தான். ஜெயா பாதுரி, ஷபானா ஆஸ்மி, அடூர் கோபாலகிருஷ்ணன், மட்டக்களப்பிலிருந்து வந்து ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா, ரசூல் பூக்குட்டி. எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால் அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று தெரியாது. அங்கே பாடத்திட்டத்தை வகுத்ததில் கமிட்டிகளைவிட அது குடியேறிய ஸ்டூடியோவுக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கருத்து.

அந்த ஸ்டூடியோ பிரபாத். 1929இல் கோலாப்பூரில் சாந்தாராம், தாம்லே, ஃபத்தேலால், தாய்பர், சீதாராம் குல்கர்னி என்று ஐந்து பேர் பங்காளிகளாகச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. 1933இல் புனேவுக்கு இடம் மாறியது. தமிழில் 'சீதா கல்யாணம்' எடுத்ததும் இவர்கள்தான். இவர்களுடைய 'சந்த் துக்காராம்' 1937இல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது. 1942இல் சாந்தாராம் பிரிந்து பம்பாய்க்குப் போய் ராஜ்கமல் என்ற தனிக் கம்பெனி ஆரம்பித்தார். அதன் பிறகு பிரபாத் மெல்லச் சரிந்தது. 1950களின் தொடக்கத்தில் கதவை மூடிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், 1949இல் மத்திய அரசு எஸ்.கே. பாட்டீல் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு அமைத்தது. 1951இல் அறிக்கை வந்தது. படம் எடுக்கக் கடன் கொடுக்க ஒரு கழகம், பயிற்சிக்கு ஒரு கல்லூரி, படங்களைப் பாதுகாக்க ஒரு காப்பகம் என்று அன்றே சொல்லியாயிற்று. கடன் கழகமும் கல்லூரியும் வர 1960 ஆயிற்று, காப்பகம் வர 1964. அறிக்கைக்கும் கல்லூரிக்கும் நடுவே போன ஒன்பது வருடம் பெரிய நஷ்டம். பெரிய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, அங்கே கைவேலையாகத் தொழில் கற்றுக்கொடுத்த ஆட்கள் சிதறிய காலம் அது.

1960இல் இந்தியத் திரைப்பட நிறுவனம் என்ற பெயரில், லா காலேஜ் சாலையில் பிரபாத் இருந்த இடத்திலேயே தொடங்கினார்கள். மறு வருடம் வகுப்புகள். முதல் முதல்வர் நடிகரும் இயக்குநருமான கஜானன் ஜாகிர்தார். அவருக்குப் பின் ஜகத் முராரி வந்து 1960கள் முழுக்க நடத்தினார்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் அடையாறைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புனேதான் முதல் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் பாலிடெக்னிக்கின் பகுதியாக 1945இலேயே சினிமாப் பயிற்சி வந்துவிட்டது, பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி ஆனது அதுதான். பெங்களூரு பாலிடெக்னிக்கில் படித்தவர்கள்தான் ஒளிப்பதிவாளர்கள் வி.கே. மூர்த்தியும் கோவிந்த் நிஹலானியும். அங்கெல்லாம் தொடக்கத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் தொழில்நுட்பப் பாடங்களாக, மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கலுக்குப் பக்கத்தில் இருந்தன. புனேவில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் நான்கையும் ஒரே வளாகத்தில் வைத்து, நான்கு மாணவர்களைச் சேர்த்து ஒரு யூனிட் ஆக்கினார்கள். அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், கைக்கு வந்தது வெறும் கட்டடமல்ல, படமெடுக்கக் கட்டிய ஸ்டூடியோ. செட் போட பெரிய ஃபுளோர் தயாராக இருக்கும்போது கரும்பலகையில் மட்டும் பாடம் எடுக்க யாருக்கு மனம் வரும்?

அந்த நான்கு பேர் யூனிட்தான் கல்லூரியின் பலம். படிப்பு இழுத்துக்கொண்டே போவதற்கும் அதுதான் மூலகாரணம். எப்படி என்று பாருங்கள்.

ஒரு சின்ன வசனப் பயிற்சி. நான்கு நிமிடக் காட்சி, ஒரு அறை, இரண்டு நடிகர்கள். செட்டும் லைட்டும் போட ஒரு நாள், படப்பிடிப்பு இரண்டு நாள், செட் பிரிக்க ஒரு நாள். ஆக நான்கு நாள். இயக்க வகுப்பில் பத்து பேர் என்றால் நாற்பது வேலை நாள். வாரத்துக்கு ஐந்து நாள் வைத்தால் எட்டு வாரம் அந்த ஃபுளோர் வேறு யாருக்கும் இல்லை. இது ஒரு பேட்ச்சின் ஒரு பயிற்சிக்கு மட்டும். ஷாட்டுக்கு ஷாட் ஒட்டும்படி எடுக்கும் தொடர்ச்சிப் பயிற்சி, பாடல் பயிற்சி, ஆவணப்படம், கடைசியில் டிப்ளமோ படம் என்று ஒவ்வொன்றும் வரிசையில் நிற்கும். மூன்று பேட்ச்சும் அதே ஃபுளோரைக் கேட்கும்.

வகுப்பறைப் பாடத்தில் ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவனுக்கு மட்டும்தான் நஷ்டம். இங்கே ஒளிப்பதிவு மாணவன் படுத்தால் நான்கு பேரின் தேதியும் போகும். போன தேதி வரிசையின் கடைசிக்குத்தான் போகும், ஏனென்றால் அடுத்த யூனிட்டின் செட் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும். எடிட்டிங் மாணவனுக்குப் படம் தாமதமாகக் கைக்கு வரும், ஒலி மிக்ஸிங் அதற்கும் பின்னால். அதற்குள் ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும், அடுத்த பேட்ச் பெட்டியோடு வந்து இறங்கிவிடும். சேர்க்கை காலண்டர்படி நடக்கும், ஃபுளோர் காலியாவது காலண்டர்படி நடக்காது. இந்த இடைவெளிதான் வருடா வருடம் சேர்ந்து சேர்ந்து மலையாகிறது. நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களும் ரிப்பேருக்குக் காத்திருக்கும் கருவிகளும் அதற்கு மேல்.

ஃபிலிம் காலத்தில் இன்னொரு முடிச்சு. 35 எம்எம்மில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி ரோல் போட்டால் 4 நிமிடம் 26 விநாடி. 20 நிமிட டிப்ளமோ படத்தை ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில், அதாவது படத்தில் நிற்கும் ஒரு அடிக்கு நான்கு அடி எடுத்தால், 7,200 அடி, ஆயிரம் அடி டப்பா ஏழுக்குக் கொஞ்சம் மேல். ஒதுக்கீடு அவ்வளவுதான் என்றால் மாணவன் என்ன செய்வான்? ஒத்திகையிலேயே ஷாட்டைத் தீர்த்துக்கொண்டு வருவான். அந்தப் பழக்கம் அங்கே படித்தவர்களிடம் கடைசிவரை இருக்கும். டிஜிட்டல் வந்ததும் இந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் எடுக்கும் அளவு கூடியதும் நெரிசல் எடிட்டிங் அறைக்கு மாறியது, வரிசை அப்படியேதான் இருக்கிறது.

நெருங்கிப் பார்க்க ஒரு உதாரணம், கிளாப் போர்டு. கட்டை மோதும் சத்தத்தையும், இரண்டு கட்டையும் ஒட்டும் அந்த ஒரே ஒரு ஃபிரேமையும் எடிட்டிங் டேபிளில் நேருக்கு நேர் வைத்தால்தான் உதடும் குரலும் சேரும். கட்டை ஃபிரேமுக்கு வெளியே அடிக்கப்பட்டாலோ, கேமரா வேகம் பிடிக்கும் முன்பே அடித்துவிட்டாலோ, அந்த ஷாட்டை 'ப', 'ம' போன்ற உதடு மூடும் எழுத்தைத் தேடிப் பிடித்துத்தான் ஒட்ட வேண்டும். ஒரு ஷாட்டுக்கு அரை மணி நேரம் போகும். இயக்க மாணவன் ஷாட்டுக்கு ஷாட் ஒரு விநாடி அவசரப்பட்டதற்கு எடிட்டிங் மாணவன் ஒரு வாரம் கொடுப்பான். நான்கு துறையையும் சேர்த்துப் படிக்கவைத்ததன் பலன் இதுதான்: தன் தவறு யார் மேஜையில் போய் விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

நடிப்புப் படிப்பு தனிக் கதை. ரோஷன் தனேஜா நடத்தியது. நடிப்பு மாணவர்களைத் தங்கள் படங்களில் போட இயக்க மாணவர்கள் மறுத்தார்கள் என்று பெரிய சண்டை வந்தது. 1970களில் அந்தப் படிப்பை மூடிவிட்டு, 2004இல்தான் திரும்பத் திறந்தார்கள். இயக்கப் படிப்புக்கும் ஒரு கதை உண்டு: 1960களின் நடுவில் கொஞ்ச காலமே இருந்த வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் வகுப்பிலிருந்து மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் என்ற இயக்குநர்கள் வந்தார்கள். இதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது.

தொலைக்காட்சி எங்கே வந்து சேர்ந்தது? 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. பதின்மூன்று வருடம் அந்த ஒரு நகரத்தோடு நின்றது. 1972இல் பம்பாய், 1975இல் கல்கத்தா, சென்னை என்று நிலையங்கள் திறக்கும்போது ஆள் வேண்டும். வானொலியிலிருந்து வந்தவர்களுக்குக் குரல் தெரியும், படம் தெரியாது. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பிய சோதனையும் வரவிருந்தது. அதனால் 1971இல் டெல்லியில் ஒரு தொலைக்காட்சிப் பயிற்சி மையம் தொடங்கி, அதை இந்தக் கல்லூரியோடு இணைத்து, பெயரையும் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் என்று மாற்றினார்கள். 1974இல் மையம் புனேவுக்கே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்லூரி பதிவு பெற்ற சங்கமாகவும் ஆயிற்று. பணமும் தலைவர் நியமனமும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம். பின்னால் வந்த பல சண்டைகளுக்கு இந்த ஏற்பாடுதான் வேர்.

தொலைக்காட்சிப் பிரிவைச் சினிமா மாணவர்கள் இளக்காரமாகப் பார்ப்பது உண்டு. அது தவறு. மூன்று கேமரா நேரடி நிகழ்ச்சியில் இரண்டாவது டேக் கிடையாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஹெட்போனில் கட்டளை போகும்போது கேமரா எண்ணை முதலில் சொல்லி, வேலையைப் பிறகு சொல்ல வேண்டும். 'டூ, க்ளோஸ் போ' என்றால் இரண்டாம் கேமராக்காரர் மட்டும் அசைவார். 'க்ளோஸ் போ, டூ' என்றால் எண் காதில் விழும் முன் மூன்று பேரும் அசைந்துவிடுவார்கள், ஒளிபரப்பில் இருக்கும் ஷாட் ஆடிவிடும். இதை ஒரு வாரம் செய்து பார்த்தவருக்குச் சினிமா செட்டிலும் கட்டளை தெளிவாக இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் பக்கத்திலேயே 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் ஊர் ஊராகப் போய்ப் பழைய படங்களைச் சேர்த்தார். சதீஷ் பகதூர் அவற்றை வைத்துச் சாதாரண ஜனங்களுக்கும் சினிமா ரசனை வகுப்பு எடுத்தார். அவ்வளவு செய்தும், 2003இல் பிரபாத் காலத்துக் கிடங்கில் தீப்பிடித்து, பழைய படங்கள் பதிந்திருந்த நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகப் போயின. நைட்ரேட் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே கொடுத்துக்கொண்டு எரியும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. தமிழின் முதல் பேசும் படமான 1931 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட மிச்சமில்லை. அப்படியிருந்தும் இன்றைக்கும் சென்னையில் பழைய ஃபிலிம் டப்பாக்களைத் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டில் இருந்தால் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி (வினிகர்) நெடி அடித்தால், சுருளின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அந்த அமிலம் பக்கத்து டப்பாவுக்கும் பரவும், அதனால் உடனே தனியே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூடாதீர்கள், வெயிலில் காயவும் வைக்காதீர்கள். சுருள் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டால் பல்சக்கரத்தில் ஏறாது, துளை கிழியும். அதற்கு முன்பே ஸ்கேன் செய்பவரிடம் கொண்டுபோய்விட வேண்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2015இல் நடிகர் கஜேந்திர சவுகானைக் கல்லூரித் தலைவராக நியமித்ததை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படிப்பு இழுப்பதற்கே அதுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். தேதிகளைப் பாருங்கள். அந்த ஆகஸ்டில் பிரச்சினை முற்றியதே, 2008ஆம் ஆண்டு பேட்ச்சின் முடியாத டிப்ளமோ படங்களை இருக்கும் நிலையிலேயே மதிப்பிடப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னபோதுதான். மாணவர்கள் கல்லூரியின் நிர்வாக இயக்குநரை முற்றுகையிட்டார்கள், நள்ளிரவில் போலீஸ் வந்து ஐந்து பேரைக் கைது செய்தது. 2008இல் சேர்ந்தவர்கள் 2015இலும் முடிக்கவில்லை என்றால், தேக்கம் வேலைநிறுத்தத்துக்கு எவ்வளவோ முன்பே இருந்திருக்கிறது. முடியாத படத்தை மதிப்பிட்டால் நஷ்டம் இயக்க மாணவனுக்கு மட்டுமில்லை, மிக்ஸிங்கே நடக்காத படத்துக்கு ஒலி மாணவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது?

நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால், அங்கே இப்போது படிக்கும் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். உங்களுக்கு முந்தைய பேட்ச்களில் எத்தனை பேரின் டிப்ளமோ படப்பிடிப்பு இன்னும் பாக்கி? நீங்கள் சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? மிக்ஸிங் அறை வாரத்தில் எத்தனை நாள் மாணவர்களுக்குக் கிடைக்கிறது? முதல் கேள்விக்கு வரும் பதிலில் இரண்டு பேட்ச்சுக்கு மேல் பாக்கி இருந்தால், விடுதிச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் மூன்று வருடத்துக்கு அல்ல, ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டு வீட்டில் சொல்லிவிட்டுச் சேருங்கள்.